எண்ணப்பட்ட காளைகள், எண்ணப்படாத மனிதர்கள்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது விராலிமலை. அருணகிரிநாதர் பாடிய மலை. மயில்கள் அகவும் மலை. குறவஞ்சி நாட்டியத்தால் பெயர்பெற்ற ஊர். அதன் சுற்றுவட்டாரத்தில்தான் நம் ஆவூரும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மறைப்பணியின் முக்கியத் தளங்களுள் ஒன்றாகப் பூஷே அடிகளார் உருவாக்கிய ஆவூர் அது; வீரமாமுனிவரும் பணிபுரிந்த மண் அது. ஆகவே விராலிமலை நமக்கு அயலூர் அன்று. அங்கே நிகழ்வதைப் பற்றி நாம் வாய் திறந்தால், "இதில் உங்களுக்கு என்ன வேலை?" என்று எவரும் கேட்க இயலாது. கேட்டாலும் விடை நம்மிடம் உண்டு: அடுத்திருப்பவன் அடிபட்டுக் கிடக்கையில் விலகிப் போகக்கூடாது என்றுதானே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது!

2019 சனவரி 20, ஞாயிற்றுக்கிழமை. அன்று விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டு உலக சாதனை என்று அறிவிக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 1,353 காளைகள் வாடிவாசலைக் கடந்தன. 424 வீரர்கள் களத்தில் இறங்கினர். மறுநாள் செய்தித்தாள்கள் இவ்விரு எண்களையும் பெரிய எழுத்துகளில் அச்சிட்டன. அவற்றின் கீழே மூன்றாவதாக ஓர் எண்ணும் இருந்தது. இரண்டு. காளை முட்டி இறந்தவர்களின் எண்ணிக்கை அது. அந்த இருவரும் மாடுபிடி வீரர்கள் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். காயமுற்றோர் முப்பதுக்கும் மேற்பட்டோர்.

காளைகள் எத்தனை என்பது கடைசி ஒன்றுவரை துல்லியமாகத் தெரிந்தது. வீரர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? அந்த எண் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. இறந்தவர்கள் எண்ணப்படாத அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். நாம் ஏறு தழுவுதலின் பகைவர்கள் அல்லர். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது நம் சிற்றூர்கள் எய்திய வருத்தத்தை நாம் அறிவோம். 2017 சனவரியில் சென்னை மெரினா கடற்கரையிலும் மாநிலத்தின் பல ஊர்களிலும் இளைஞர்கள் இரவுபகலாக அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை; அவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. அவ்வாண்டே சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜல்லிக்கட்டு இருக்கலாமா கூடாதா என்ற வழக்கு முடிந்துவிட்டது. அதைக் கிளறுவது நம் நோக்கமன்று.

நம் வழக்கு வேறு. ஓர் ஊரின் விளையாட்டாக இருந்ததை, ஊர் தாங்க இயலாத ஒரு கேளிக்கைச் சந்தையாக மாற்றியது யார்? எதற்காக? அதன் விலையைக் கொடுப்பவர் யார்? இவையே நம் கேள்விகள்.

சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை முதல் மாலைவரை இடைவெளியே இன்றிப் பத்து மணி நேரம் ஜல்லிக்கட்டு நடப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் என்பது 600 நிமிடங்கள். அந்த 600 நிமிடங்களுக்குள் 1,353 காளைகளை அவிழ்த்துவிட வேண்டுமானால், ஏறத்தாழ 27 விநாடிக்கு ஒரு காளை வெளியே வந்தாக வேண்டும். ஒரு காளை வாடிவாசலைத் தாண்டி, களத்தில் நின்று விளையாடி, தடுப்புகளுக்கிடையே ஓடி, மறுகோடியில் உரியவர் கையில் சேர்வதற்கு 27 விநாடி போதுமா? மாடு வளர்த்த எவரையும் கேட்டுப் பாருங்கள். முன்னே போன காளை பிடிபடுவதற்குள் பின்னது வந்துவிடும்; அது பிடிபடுவதற்குள் மூன்றாவது. களத்திலும், களத்தின் மறுகோடியிலும், அதற்கப்பால் வயல்வெளியிலும் கட்டவிழ்ந்த காளைகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கு அத்தோடு முடியவில்லை. காளை தனியாக வருவதில்லை. வளர்த்தவர், அவர் மகன், மைத்துனன், தெருப்பிள்ளைகள் எனக் குறைந்தது நான்கு பேர் உடன் வருகிறார்கள் என்று கொண்டாலும் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர். காளைக்கு ஒரு வண்டி என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். வேடிக்கை பார்க்கும் ஒரே ஒருவர்கூட இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் ஊர் நிரம்பிவிட்டது. உலக சாதனை என்ற அறிவிப்பைக் கேட்டு நாலா திசையிலிருந்தும் பெருகி வந்த மக்கள் வெள்ளத்தை இதன்மேல் சேர்த்துப் பாருங்கள். அத்தனை பேரையும் கொள்ளும் அளவுக்கு அவ்வூர்த் தெருக்கள் அகன்றவையா? அவ்வூர்க் குடிநீர்க் குழாய்கள் அத்தனை பேரின் தாகத்தைத் தீர்க்குமா?

நகரங்களில் கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையிலும் பண்டிகை நாள்களிலும் அவற்றின் வாயிலில் மக்கள் முண்டியடிப்பதை நாம் காண்கிறோம். சுற்றியுள்ள ஊர்களின் சாலைகள் அடைபடுகின்றன. பேருந்தைத் தவறவிட்ட கூலித் தொழிலாளி அந்த நெரிசலின் பயனைக் கண்டவர் அல்லர். அதன் துன்பத்தை மட்டும் கண்டவர். ஆயினும் பூங்காவுக்கு மதில் உண்டு; வாயில் உண்டு; நுழைவுச்சீட்டு உண்டு. உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்ல முடிந்த இடத்திலேயே பேராசை என்ன செய்யும் என்பதற்குக் குஜராத்தின் ராஜ்கோட் சான்று. 2024 மே 25 அன்று, விடுமுறைக் கூட்டத்தை ஈர்க்க 99 ரூபாய்ச் சலுகைச் சீட்டு விற்கப்பட்ட ஒரு விளையாட்டுக் கூடத்தில் தீப்பற்றியது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அக்கூடம் இயங்கிவந்தது. 27 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களில் அடக்கம்.

ஜல்லிக்கட்டு நடக்கும் ஊருக்கோ மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. வீடுகளும் பள்ளியும் மருந்துக்கடையும் ரேஷன் கடையும் உள்ள ஓர் ஊரையே ஒரு நாளைக்குக் கேளிக்கைப் பூங்காவாக மாற்றிவிடுகிறோம். பூங்காவின் ஆரவாரம் எல்லாம் வந்துவிடுகிறது: பார்வையாளர் மாடம், ஒலிபெருக்கி, தொலைக்காட்சி நேரலை, முதற்பரிசாகக் கார், அடுத்த பரிசாக இருசக்கர வண்டி. பூங்காவிடம் எதிர்பார்க்கப்படும் பொறுப்பு மட்டும் வருவதில்லை. யார் உள்ளே வரலாம், எத்தனை பேர் வரலாம், எந்த வழியாக வெளியேறலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் யாரிடமும் விடை இல்லை.

கூட்டம் எவ்வாறு கொல்கிறது என்பதை நம்மில் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறோம். மக்கள் அறிவிழந்து ஒருவரையொருவர் மிதித்துக் கொல்கிறார்கள் என்று எண்ணுகிறோம். இது குறித்து ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் நான்கைந்து பேர் நிற்கும்வரை ஒருவர் தம் விருப்பப்படி காலை எடுத்து வைக்கலாம். அது ஆறேழு பேராகும்போது கூட்டம் தண்ணீரைப் போல் ஆகிவிடுகிறது. எங்கோ ஒருவர் தள்ளுவது அலையாய்ப் பரவி, தொலைவில் நிற்பவரைச் சாய்க்கிறது. பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்துச் சாகிறார்கள். பின்னால் நின்று தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஆகவே அங்கே கொலைகாரன் என்று தனி ஒருவன் இல்லை. குற்றம், அந்த இடத்துக்குள் அத்தனை பேரை வரவிட்ட ஏற்பாட்டினுடையது.

2022 அக்டோபர் 29 இரவு தென் கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில், ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமே உள்ள ஒரு சந்தில் கொண்டாட்டத்துக்காகத் திரண்ட இளைஞர்களில் 159 பேர் இவ்வாறே மாண்டனர். செல்வமும் தொழில்நுட்பமும் மிகுந்த நாடு அது. நம் அண்டையிலுள்ள கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று, திரைப்பட நடிகராய் இருந்து அரசியலுக்கு வந்த ஒருவரைக் காண மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர் இறந்தனர். 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ ஐம்பது உயிர்கள் போயின. கொண்டாட்டம், அரசியல், வழிபாடு என்று காரணங்கள் வேறு. இடம் கொள்ளாத கூட்டம் என்பது ஒன்றே. விராலிமலையில் காளையின் கொம்பு முந்திக்கொண்டது. ஆனால் கொம்புக்கு எட்டும் இடத்தில் அம்மனிதர்கள் நிற்க நேர்ந்ததும் கூட்டத்தால்தானே?

வேடிக்கை பார்ப்பவர் சாவது விராலிமலையில் மட்டும் நேர்ந்த விபத்தும் அன்று. 2025 சனவரி 16, காணும் பொங்கல் நாளில், மாநிலத்தின் பல ஊர்களிலுமாக ஏழு பேர் ஜல்லிக்கட்டிலும் மஞ்சுவிரட்டிலும் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் பார்க்க வந்தவர்களும் காளைக்கு உரியவர்களுமே. வீரர், தாம் ஏற்கும் ஆபத்தை அறிந்து இறங்குகிறார். மருத்துவர் அவரைச் சோதித்து அனுப்புகிறார். அவருக்குச் சீருடையும் எண்ணும் உண்டு. களத்தின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு கட்டப்படுகிறது. ஆனால் காளை களத்தை விட்டு வெளியேறிய பிறகு? மாடு சேரும் இடத்தில், சாலையில், வயல் வரப்பில் நிற்பவனுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. சட்டத்தின் கண் வாடிவாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சாவோ பின்வாசலில் நிற்கிறது.

ஊராருக்கு வருவோம். ஜல்லிக்கட்டு நாளில் ஊர் எப்படியிருக்கும் என்பதைச் செய்தியாளரின் ஒளிப்படக் கருவி காட்டுவதில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிய வண்டி எந்த வழியாகப் போகும் என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஓடிவரும் காளைக்கு அஞ்சி முதியோர் பகல் முழுதும் கதவடைத்துக் கிடக்கிறார்கள். கூட்டத்திற்குப் போதிய கழிப்பிடம் இல்லாததால் வேலியோரமும் குளக்கரையும் அந்த வேலைக்கு ஆகின்றன. கடலையும் நெல்லும் நின்ற நிலத்தில் மாடும் மனிதரும் மிதித்துப் போன தடத்துக்கு இழப்பீடு கேட்டால், "ஊர்ப் பெருமைக்கு இதுகூடப் பொறுக்கக்கூடாதா?" என்ற ஏளனமே கிடைக்கும். மிரண்டு ஓடிய காளைகள் கிணற்றில் விழுவதும் வண்டியில் அடிபடுவதும் நாம் கேள்விப்படாதவை அல்ல. மறுநாள் விடியலில் நெகிழிக் குப்பையையும் எச்சில் இலைகளையும் அள்ளுபவர் யார்? தூய்மைப் பணியாளர். பரிசு மேடையில் அவருக்கு இடமில்லை. நன்றியுரையில் அவர் பெயரில்லை.

நமக்கு மறுப்புரைகள் வரும் என்பதை அறிவோம். அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

"இது நம் பாரம்பரியம்" என்பது முதலாவது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எது பாரம்பரியம்? ஊர்க் கோயில் காளையை முதலில் அவிழ்த்து, சுற்றுப்பட்டு ஊர்க் காளைகளை வரிசையாக விட்டு, மாடு பிடித்தவனுக்கு வேட்டியோ துண்டோ கொடுத்து, பொழுது சாயுமுன் வீடு திரும்பியது பாரம்பரியம். முன்பதிவுச் சீட்டுக்கு அலைவதும், பல மாவட்டக் காளைகளை இரவெல்லாம் சாலையோரம் வரிசையில் நிறுத்திக் கால் கடுக்க வைப்பதும், சாதனைச் சான்றிதழுக்காக எண்ணிக்கையைப் பெருக்குவதும் எந்த முப்பாட்டன் செய்தவை? காளையை வீட்டுப் பிள்ளையாய் வளர்த்தவன் அதற்குப் பெயர் வைத்தான். நாம் அதற்கு வரிசை எண் கொடுத்தோம். பாரம்பரியத்தை அழிக்க வந்தவர்கள் வெளியே மட்டும் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

"ஏழைகளுக்கு நாலு காசு கிடைக்கிறது" என்பது இரண்டாவது. தேநீர்க் கடையும் பொரிகடலைக் கடையும் அன்று நன்றாக விற்கும் என்பது உண்மையே. அதை நாம் பழிக்கவில்லை. ஆயினும், ஒரு நாள் விற்பனை ஒரு தட்டிலும் ஒரு குடும்பத் தலைவனின் உயிர் மறு தட்டிலும் வைக்கப்படும்போது தராசு எப்பக்கம் சாயும் என்பதைக் கைம்பெண்ணிடம் கேட்க வேண்டும், கடைக்காரரிடம் அன்று. மேலும், கூட்டம் அளவோடு இருந்தால் கடையும் நடக்கும், உயிரும் இருக்கும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற நிலையே இல்லை.

"பாட்டாளிக்கு ஆண்டில் ஒரு நாள் மகிழ்ச்சி, அதையுமா கெடுப்பது?" என்பது மூன்றாவது. நம் நெஞ்சைத் தொடும் மறுப்புரை இதுவே. உழைப்பவனுக்குத் திருநாள் வேண்டும்; ஓய்வும் களிப்பும் இறைவன் அளித்த உரிமைகள். ஆனால் கேளுங்கள்: நிழலுள்ள மாடத்தில் அமர்ந்திருப்பவர் யார்? வெயிலில் தடுப்பைப் பிடித்துத் தொங்குபவர் யார்? அழைப்பிதழ் பெற்ற பெரியவர்களுக்கு ஏணியும் நாற்காலியும் உண்டு. அழைப்பிதழ் இல்லாதவனுக்கு வரப்பும் மரக்கிளையும்தான். அவன் மகிழ்ச்சியின்மேல் நமக்கு உண்மையான அக்கறை இருக்குமானால், அவன் உயிரோடு வீடு திரும்பும் வகையில் அம்மகிழ்ச்சியை ஒழுங்குபடுத்துவோம்.

இதில் கட்சி பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். விராலிமலையில் சாதனை அறிவிக்கப்பட்டது ஓர் ஆட்சியில். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கெனத் தனி அரங்கம் 2024 சனவரி 24 அன்று திறக்கப்பட்டது மற்றோர் ஆட்சியில். அந்த அரங்கம் வேண்டுமா, அந்தப் பணத்தில் வேறு செய்திருக்கலாமா என்பது தனி விவாதம். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. இருக்கைகளை எண்ணிக் கட்டிய இடத்தில், வருவோரையும் எண்ணி அனுமதிக்க முடியும். அரங்கில் முடிவது ஊர்த் திடலில் மட்டும் ஏன் முடியாது?

பிறரைச் சுட்டியது போதும். இனி நம் முற்றத்தைப் பார்ப்போம். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு எங்கே நடைபெறுகிறது? இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் தச்சங்குறிச்சியில்; நம் விண்ணேற்பு அன்னை ஆலயத் திருவிழாவையொட்டி. சனவரித் திங்களின் தொடக்கத்தில் தமிழகமே அவ்வூரை நோக்குகிறது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வேறு பல பங்குகளிலும் புனிதரின் பெயரால் வாடிவாசல் திறக்கப்படுகிறது. சனவரி 17, வனத்து அந்தோனியார் திருநாள். கால்நடைகளின் பாதுகாவலர் என்று அவரைப் போற்றி, மாடுகளைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து மந்திரிக்கிறோம். அழகிய வழக்கம் அது. ஆனால் அந்தோனியார் யார்? தம்மைத் தேடி வந்த கூட்டத்தினின்று விலகி, பாலைநிலத்தின் உள்ளே உள்ளே சென்றவர். அவர் பெயரால் கூட்டத்தைத் திரட்டி, அதன் பெருக்கத்தையே அவருக்குக் காணிக்கை என்று நாம் செலுத்துவது எவ்வளவு பெரிய முரண்!

தேர்த் திருவிழா அறிவிப்புகளையும் நினைத்துப் பாருங்கள். "இலட்சோபலட்சம் பக்தர்கள்" என்று எழுதாத பங்கு உண்டா? கொடியேற்றத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதே திருவிழாவின் வெற்றிக்கு அளவுகோல் ஆகிவிட்டது. வந்தவருக்குக் குடிநீர் கிடைத்ததா, குழந்தையோடு வந்த தாய் எங்கே உட்கார்ந்தாள், மாற்றுத்திறனாளி பீடம்வரை வர முடிந்ததா என்று எந்த விழாக் குழுவின் கணக்கறிக்கை சொல்கிறது?

மாற்கு நற்செய்தியை இந்தக் கண்ணோட்டத்தோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் ஆண்டவர் கூட்டத்தைக் கண்டு பூரித்துப் போனவர் அல்லர். மக்கள் தம்மை நெருக்கிவிடாதபடி ஒரு படகை ஆயத்தமாக வைத்திருக்குமாறு சீடர்களிடம் சொன்னார். கப்பர்நாகூமில், கூட்டம் வாயிலை அடைத்துக்கொண்டதால், எவனுக்கு அவர் மிகத் தேவையோ அந்த முடக்குவாதக்காரன் உள்ளே வர முடியவில்லை. கூரையைப் பிரித்து அவனை இறக்க வேண்டியதாயிற்று. கூட்டம் முதலில் தடுப்பது யாரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாலைநிலத்தில் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது அவர் முதலில் செய்தது என்ன? அப்பத்தைக் கையில் எடுக்கவில்லை. பசும்புல் தரையில் நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் மக்களை வரிசை வரிசையாக அமரச் செய்தார். அதன் பின்னரே அப்பம் பகிரப்பட்டது. புதுமைக்கு முன் ஒழுங்கு வந்தது. பசித்த கூட்டத்திடையே அப்பத்தை வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

திருச்சபையின் வரலாறும் இதில் நமக்குப் பாடம் சொல்கிறது. புனித அகுஸ்தீனார் தம் நண்பர் அலிப்பியுவைப் பற்றி எழுதியிருக்கிறார். உரோமை அரங்கின் கொடூர விளையாட்டுகளை வெறுத்த அலிப்பியுவை நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதுகளை மூடவில்லை. கூட்டத்தின் பேரிரைச்சல் எழுந்ததும் கண் திறந்தது. திறந்த கணத்திலேயே அவரும் கூட்டத்தில் ஒருவரானார். தனியாக இருக்கும்போது நாம் செய்யத் துணியாததைக் கூட்டம் நம்மைச் செய்ய வைத்துவிடும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். 1567 இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர், எருதுச் சண்டைகளை நடத்த இடம் கொடுக்கும் கிறிஸ்தவ அரசர்களைச் சபைவிலக்கம் செய்யும் ஆணை பிறப்பித்தார். நம் ஏறு தழுவுதல் அதனின்று வேறானது. இங்கே காளையைக் கொல்வதில்லை. ஆயினும் அவ்வாணையின் உள்ளத்தை நோக்குங்கள். மனித உயிரை வேடிக்கைக்காகப் பணயம் வைப்பதற்கு இடம் கொடுத்த அதிகாரிகளையே அது முதலில் தண்டித்தது. களத்தில் இறங்கிய எளியவனிடம் மட்டும் அது கணக்குக் கேட்கவில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. அனுமதி கோரும் ஒவ்வொரு விழாக் குழுவும் இடத்தின் பரப்பை அளந்து, இத்தனை பேருக்கே இடம் உண்டு என்று முன்னதாக அறிவிக்க வேண்டும். அந்த எண் நிறைந்ததும் சாலையிலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். காளைகளின் எண்ணிக்கையை நேரம் தீர்மானிக்க வேண்டும். சாதனை வேட்கை தீர்மானிக்கக்கூடாது. வாடிவாசலுக்கு உள்ள தடுப்பு மாடு சேரும் இடத்துக்கும் வேண்டும். அங்கே காளைக்கு உரியவரைத் தவிர வேறு எவரும் நிற்கக்கூடாது. மருத்துவ ஊர்திக்கென ஒரு வழி காலைமுதல் மாலைவரை வெறுமையாகக் கிடக்க வேண்டும். மிதிபட்ட பயிருக்கும், அடிபட்ட மனிதருக்கும், மறுநாள் துப்புரவுக்கும் விழா வரவிலிருந்தே முதற்பங்கு ஒதுக்க வேண்டும். கார் பரிசுக்குப் பணம் திரட்ட முடிந்தவர்களுக்கு இதற்கும் திரட்ட முடியும்.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை என்று கைகழுவுவதற்கில்லை. கைகழுவியவர் ஒருவரின் பெயரை நாம் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அக்டோபர் 2 அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. சனவரித் திங்களில் நடக்கவிருப்பதைப் பற்றிப் பேச அதுவே தக்க நேரம். நம் பொதுநிலையினர் எத்தனை பேர் அங்கே சென்று கையுயர்த்திப் பேசியிருக்கிறோம்? பங்குப் பேரவைகளில் திருவிழா வரவுசெலவு படிக்கப்படும்போது, கூட்டத்தின் பாதுகாப்புக்கு எவ்வளவு என்று ஒரே ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறோமா? நம் ஆலயத் திடலிலாவது இவ்வொழுங்கை முதலில் நடத்திக் காட்டுவோம். தச்சங்குறிச்சி ஆண்டின் முதல் வாடிவாசல் என்ற பெருமை பெற்றது. அளவறிந்த முதல் வாடிவாசல் என்ற பெருமையையும் அது பெறட்டும். அதன் பின் விராலிமலையோடு பேசும் தகுதி நமக்கு வரும், அலங்காநல்லூரோடும் பேசலாம்.

திருநூலில் இருவகை எண்ணுதலைக் காண்கிறோம். தாவீது அரசர் தம் வலிமையை அறிந்து மகிழ மக்களைக் கணக்கெடுத்தார். அது பாவமாயிற்று, நாடு கொள்ளைநோயில் மடிந்தது. நல்ல ஆயனும் எண்ணுகிறான். மாலையில் பட்டிக்குள் வரும் ஆடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறான். எத்தனை இருக்கின்றன என்று பெருமைப்பட அன்று. எது வந்து சேரவில்லை என்று அறிய.

2019 சனவரி 20 மாலையில் விராலிமலையில் காளைகள் எண்ணப்பட்டு, சாதனை அறிவிக்கப்பட்டது. அன்றிரவு இரண்டு வீடுகளில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தார்கள். வரவேண்டியவர் வரவில்லை. அடுத்த சனவரி வருமுன், இவ்விரண்டில் எவ்வாறு எண்ணப் போகிறோம் என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும்.